வாசகர் கேள்வி: லேசர் பட்டால் சிறுநீரகம் வெந்துவிடுமா?

கேள்வி: டொக்டர் ஐயா, என்ரை வீட்டுக்காரருக்கு 46 வயது. கடலுக்குப் போகிறவர். இரண்டு மாதமாக விலாவிலிருந்து கவட்டுக்குள் இறங்கும் வலி. ஸ்கான் எடுத்ததில், சிறுநீரகத்திலிருந்து சலப்பைக்கு வரும் குழாயின் கீழ்ப்பகுதியில் 9 மில்லிமீட்டர் கல் இருக்காம். லேசரால் உடைக்கத் திகதியும் தந்துவிட்டார்கள். "லேசர் பட்டால் சிறுநீரகம் வெந்துபோகும், வாழைத்தண்டுச் சாறு குடி, கரையும்" என்று சொந்தக்காரர் சொன்னதில் இவர் போகமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்ய?
— ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, திகதியைத் தவறவிடாதேங்கோ. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் என்றால் பெரும்பாலும் தானாகவே இறங்கும், பொறுத்துப் பார்க்கலாம் என்று நானே சொல்லியிருப்பேன். 9 மில்லிமீட்டர், அதுவும் இரண்டு மாதமாக அங்கேயே நிற்கிறது என்றால் சாறு குடித்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது. நம்மிடம் வருகிற கற்களில் அதிகமானவை கல்சியம் ஒக்சலேற். அவை சாற்றில் கரையாது. வலி நின்றாலும் கல் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அடைப்பு அப்படியே இருக்க வலி மட்டும் அடங்கி, சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லேசரை வெளியிலிருந்து வயிற்றுக்குள் பாய்ச்சுவதில்லை. (வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது வேறு முறை, அதில் லேசரே இல்லை.) முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்து, அல்லது முழு மயக்கம் கொடுத்து, சலம் போகும் வழியாலேயே மெல்லிய கமராக் குழாயை விட்டுக் கல் இருக்கும் இடத்துக்கே போவோம். உடம்பில் கத்தி படாது. அந்தக் குழாய்க்குள்ளால் கால் மில்லிமீட்டரை ஒட்டிய தடிப்பில், லேசர் ஒளியைக் கொண்டுபோகும் ஒரு கண்ணாடி இழை போகும். உங்கடை வீட்டுக்காரருக்குத் தங்கூசி தெரியும்தானே, பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். நுனி கல்லில் முட்டுகிறது என்று திரையில் கண்ட பிறகுதான் லேசரை விடும் மிதியைக் காலால் அழுத்துவோம்.

இந்த வேலைக்கு அதிகம் பாவிப்பது ஹோல்மியம் லேசர். அதன் அலைநீளம் 2100 நனோமீட்டர் அளவு, கண்ணுக்குத் தெரியாது. திரையில் தெரியும் நிறப் புள்ளி குறி காட்டுவதற்கு மட்டும். இந்த ஒளியைத் தண்ணீர் உடனே உறிஞ்சிவிடும். உள்ளே சேலைன் ஓடிக்கொண்டே இருப்பதால், நுனியைவிட்டு அரை மில்லிமீட்டர் போவதற்குள்ளேயே வேகம் பெரும்பாலும் அடங்கிவிடும். நுனி தவறிக் குழாய்ச் சுவரில் பட்டால் காயம் வரலாம், அதை மறைக்கமாட்டேன். ஆனால் இவருடைய சிறுநீரகம் அந்த இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி இருக்கிறது. அது எப்படி வேகும்?

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. கல்லை உடைத்த பிறகு, வீக்கத்தால் வழி அடைபடாமல் இருக்க, இரண்டு முனையும் சுருண்ட மெல்லிய குழாயொன்றைப் பலருக்கு உள்ளே வைத்து அனுப்புவோம். டிஜே ஸ்டென்ட் என்பார்கள். அது இருக்கும்வரை அடிக்கடி சலம் வரும், எரியும், கொஞ்சம் சிவப்பாகவும் போகலாம். அது பரவாயில்லை. அதை எடுக்க மறப்பதுதான் ஆபத்து.

பல வருடங்களுக்கு முன் ஒரு மீனவருக்கு நானே கல் உடைத்தேன். மூன்று கிழமையில் வரச் சொல்லி அட்டையில் இங்கிலிசில் எழுதிக் கொடுத்தேன். எரிவு நின்றது, சீசன் தொடங்கியது, அவர் கடலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது ஒன்றரை வருடம். ஸ்டென்டைச் சுற்றி மேலும் கீழும் கல் பிடித்திருந்தது. இரண்டு தடவை சத்திரசிகிச்சை செய்துதான் எடுக்க முடிந்தது. அந்த அட்டையை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் நான் எழுதியிருந்தேன். பிழை என்னுடையது. அன்றிலிருந்து திகதியைத் தமிழில் எழுதி, வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வாயாலும் சொல்லித்தான் அனுப்பினேன்.

ஆகவே வாட்டை விட்டு வெளிக்கிட முன் கேளுங்கோ: "உள்ளே குழாய் வைத்தீர்களா? எப்போது எடுக்க வேண்டும்?" அந்த நாளைக் கலண்டரில் நீங்களே வட்டம் போடுங்கோ. அதற்கு முன்னோ பின்னோ குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. அடைப்பும் கிருமியும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து.

பிறகு போட்டில் தண்ணீர் கலன் இல்லாமல் இவரைக் கடலுக்கு விடவேண்டாம். சலம் பிளேன்ரீ நிறத்தில் போனால் குடித்தது காணாது.

கேள்வி: எனக்கு 71 வயது. புரஸ்டேட் வீக்கத்துக்கு லேசர் செய்தால் ஆண்மை போய்விடுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மூதூர்

பதில்: ஐயா, விறைப்பு பெரும்பாலும் முன்பு போலவே இருக்கும். விந்து மட்டும் வெளியே வராமல் சலப்பைக்குள் போவது பலருக்கு நடக்கும். பிறகு சலத்தோடு வெளியேறிவிடும், கெடுதல் இல்லை. தோடம்பழத்தின் தோலை விட்டுச் சுளையை மட்டும் எடுப்பதுபோல, அடைக்கும் சதையை உள்ளிருந்து லேசரால் கழற்றும் முறை 1990களில் நியூசிலாந்தில் பீட்டர் கில்லிங் குழுவினர் வளர்த்தது. கழற்றிய சதையைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பலாம். சதையை ஆவியாக்கும் மற்ற லேசர் முறையில் அனுப்பச் சதை மிஞ்சாது. நெஞ்சுக்காக இரத்தம் உறையாமலிருக்கும் குளிசை எடுப்பவரானால் முதல் கிளினிக்கிலேயே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.