ஒரே ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: எழுத வேண்டும் என்று ஆசை. உட்கார்ந்தால் ஒரு வரி ஓடுவதில்லை. கொஞ்ச நாளாக, விளம்பரங்களில் ஆண்களை வெறும் உடம்பாகக் காட்டுவது உறுத்துகிறது. அதை எழுதலாம் என்றால், 'பெண்கள் காலங்காலமாகப் பட்டதற்கு முன்னால் இது ஒரு விஷயமா, யார் படிப்பார்கள்?' என்கிறார்கள் நண்பர்கள். எழுதலாமா, விட்டுவிடலாமா?
– வாசகர், தேனி

பதில்: உறுத்துகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதற்கு மேல் என்ன ஊக்கம் வேண்டும்? எழுதுங்கள். 'விளம்பரங்களில் ஆண்கள்' என்று மொத்தமாகப் பிடித்தால் யாருக்கும் இரண்டாவது பத்தி வராது. உங்களுக்குக் கை ஓடாததும் அதனால்தான் இருக்க வேண்டும். ஒரே ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, அதில் நடப்பதை முதலில் அப்படியே எழுதிப் பாருங்கள்.

ஆக்ஸ் டியோடரண்டின் சாக்லேட் மனிதன் நினைவிருக்கிறதா? வாசனையை அடித்துக்கொண்டதும் இளைஞன் சாக்லேட் பொம்மை ஆகிவிடுகிறான். தன் மூக்கையே உடைத்துப் பெண்களின் ஐஸ்கிரீமில் தூவுகிறான். பஸ்ஸில் ஒருத்தி அவனைப் பின்னால் கடிக்கிறாள். காரில் போகும் பெண்கள் ஒரு கையையே பிய்த்துக்கொண்டு போகிறார்கள். அத்தனைக்கும் அவன் முகத்தில் அதே சிரிப்பு. 2008இல் அநாகரிகம் என்று சொல்லி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இதை நிறுத்தச் சொன்னது. கடிக்கும் பெண்கள் எல்லோர் கண்ணையும் உறுத்தினார்கள். கடிபடுகிறவன் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதே, அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. உங்கள் கட்டுரைக்கான இடம் அங்கே காலியாகத்தான் கிடக்கிறது.

எனக்கு இதைவிடக் கோபம் வருவது சிவப்பழகு க்ரீம் விளம்பரங்கள் மேல். 2005இல் இமாமி நிறுவனம் 'ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸம்' என்று ஆண்களுக்கென்றே ஒரு க்ரீமைக் கொண்டுவந்தது. கொஞ்ச காலத்தில் ஷாருக் கானே அதன் முகமானார். பெண்களின் க்ரீமைத் திருட்டுத்தனமாகப் பூசிக்கொள்கிறாயே என்று பையனைக் கூச வைத்து, ஆணுக்குத் தனி க்ரீம் என்று நீட்டினார்கள். கறுப்பாக இருப்பதற்கு ஒரு வெட்கம், பெண்கள் பொருளைத் தொட்டதற்கு இன்னொரு வெட்கம். இரண்டுக்கும் ஒரே ட்யூப். 2013இல் 79 ரூபாய்க்கு அதை வாங்கிப் பூசிய டெல்லிக்காரர் ஒருவர், சொன்னபடி சிவக்கவில்லை என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். வழக்கு மேலும் கீழுமாக இழுத்து, கடைசியில் 2024 டிசம்பரில் இமாமியை 14.5 லட்சம் ரூபாய் கட்டச் சொல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது. 79 ரூபாய்க்காக அத்தனை வருடம் விடாமல் நின்றாரே அந்த மனிதர், அவரைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதலாம்.

கறுப்பு நிறத்தவரை அழகற்றவராகவோ, வேலையோ வரனோ அமையாதவராகவோ காட்டக்கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014லேயே விதி வகுத்துவிட்டது. 2020இல் ஹிந்துஸ்தான் யுனிலீவர் தன் 'ஃபேர் அண்ட் லவ்லி' வரிசை க்ரீம்களின் பெயரில் 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்தது. சரி, பெயர் மாறிவிட்டது. பையன் கண்ணாடி முன் நிற்பது மாறியதா?

அப்புறம் ஜிம் உடம்பு. சட்டையைக் கழற்றி நிற்கும் மாடல்கள் பலர், வயிற்றுக் கட்டு தெரிய வேண்டும் என்பதற்காகப் படப்பிடிப்புக்கு முன்பே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். எண்ணெய் பூசி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்து எடுக்கிறார்கள். சில மணி நேரத்துக்கு மட்டும் நிற்கிற அந்த உடம்பை, வருடம் முழுக்க இருக்கிற உடம்பு என்று நம்பி, கண்ட பவுடரையும் வாங்கிக் குடிக்கிற பிளஸ் டூ மாணவனுக்கு இதை யார் சொல்வது? நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பெண்கள் மேல் இது நடந்த காலமும் அதிகம், விளைவும் கொடூரம். பைக்கிலிருந்து சிமென்ட் வரை அவர்களை நிற்க வைத்து விற்றிருக்கிறார்கள். வீதியில் அவர்களுக்கு நேர்வதும் ஆண்களுக்கு நேர்வதும் ஒன்றல்ல. அதை உங்கள் கட்டுரை மறுக்கக்கூடாது. ஆனால் ஒருவர் வலியைச் சொன்னால் இன்னொருவர் வலி குறைந்துவிடும் என்று யார் சொன்னது? இரண்டு பேரையும் கூச வைத்துக் காசு பார்க்கிறவர் ஒருவர்தான். 'பெண்களைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள், எங்களைப் பற்றி யார் பேசுவது' என்று போட்டிக்கு நிற்கிற தொனி ஒரு வரியில் வந்தாலும் அதை அடித்துவிடுங்கள். மீதியை இரண்டு பக்கத்துக்குள் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். நானே படிக்கிறேன்.