ஹீலர் மேக்ரோ: யாருக்கு என்பதை அது பார்க்கட்டும், எப்போது என்பது உங்கள் கையில்

செந்தூலிலிருந்து ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார்:

"அண்ணா, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில், ஃப்ராஸ்ட்மோர்ன் ரெல்மில் ஹோலி பிரீஸ்ட் (மற்றவர்களைக் குணப்படுத்தும் ஹீலர்) ஆடுகிறேன். டாங்க்குக்கு (பாஸின் அடியைத் தாங்குபவர்) ஹீல் போட அவரைக் கிளிக் செய்தால் பாஸ் மேல் இருந்த டார்கெட் போய்விடுகிறது. திரும்பப் பிடிப்பதற்குள் யாராவது செத்துவிடுகிறார்கள். ஹோலி வேர்ட்: செரெனிட்டி, அப்புறம் இரண்டு ஃபிளாஷ் ஹீல் என்று ஒரே பட்டனில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் சுற்று ஓடுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. ஷிஃப்ட் சேர்த்து அழுத்தினால் பட்டன் வரிசையே மாறிப்போகிறது. பேசாமல் கீபோர்டிலேயே பதிவு செய்து ஓடவிடலாமா?"

தம்பி, முதல் பிரச்சினை தீர்ந்தாலே உங்கள் ஆட்டம் பாதி மாறிவிடும். அதனால் அதையே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். மேக்ரோ என்பது ஒரு பட்டனுக்குள் எழுதி வைக்கும் கட்டளைகள். அவற்றை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். விளையாட்டில் /மேக்ரோ என்று அடித்து, திறக்கும் பெட்டியில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சதுர அடைப்புக்குள் வரும் நிபந்தனைகள் எல்லாம் சிறிய எழுத்திலேயே இருக்க வேண்டும். ஒன்றைப் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் மேக்ரோ ஏற்காது.

#ஷோடூல்டிப்
/காஸ்ட் [@மவுஸ்ஓவர்,ஹெல்ப்,நோடெட்][ஹெல்ப்,நோடெட்][@டார்கெட்டார்கெட்,ஹெல்ப்,நோடெட்][@பிளேயர்] ஃபிளாஷ் ஹீல்

விளையாட்டு இதை இடமிருந்து வலமாகப் படிக்கும். எந்த அடைப்பு முதலில் பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ஒரே அடைப்புக்குள் காற்புள்ளி போட்டுச் சொல்வதெல்லாம் சேர்ந்தே பொருந்த வேண்டும். அடுத்தடுத்து நிற்கும் அடைப்புகளில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். மேக்ரோ எழுதும் கலையில் பெரும்பகுதி இந்த வரிசையைச் சரியாக அமைப்பதுதான்.

இனி அதன் பொருள். முதல் வரி பட்டனில் ஸ்பெல்லின் விவரத்தைக் காட்டுவதற்கு மட்டும். வேலை இரண்டாவது வரியில். மவுஸ் அம்பு நிற்கும் இடத்தில் உயிரோடு ஒரு நண்பர் இருந்தால் ஹீல் அவருக்கு. இல்லையென்றால், நீங்கள் டார்கெட் செய்திருப்பவர் நண்பராக இருந்தால் அவருக்கு. அதுவும் இல்லை, பாஸைத்தான் டார்கெட் செய்திருக்கிறீர்கள் என்றால், அந்த பாஸ் யாரை அடித்துக்கொண்டிருக்கிறதோ அவருக்கு. பெரும்பாலான நேரம் அவர்தான் உங்கள் டாங்க். எதுவுமே பொருந்தாவிட்டால் உங்களுக்கே. பாஸ் மேல் இருக்கும் டார்கெட் கடைசிவரை அசையாது. இந்த மூன்றாவது அடைப்பைப் பலர் சேர்ப்பதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியதே அதுதான்.

நோடெட்டை மறந்துவிடாதீர்கள். செத்தவரின் பெயர்ப்பட்டியும் திரையில்தான் இருக்கும். அம்பு அதன் மேல் நின்றுவிட்டால், மேக்ரோ அவரையே பிடித்துக்கொள்ளும், ஹீல் போகாது, தட்டல் வீண். இன்னொன்று, மவுஸ்ஓவர் என்பது பட்டியை மட்டும் பார்ப்பதில்லை, களத்தில் ஓடும் உருவங்களையும் பார்க்கும். பாஸ் காலடியில் எல்லோரும் குவிந்திருக்கும்போது அம்பை அங்கே சும்மா விட்டால் ஹீல் யாருக்கோ போகும். அம்பைப் பட்டிகளின் பக்கத்திலேயே வைத்துப் பழகுங்கள்.

இதே வரியில் ஸ்பெல் பெயரை மட்டும் மாற்றி, செரெனிட்டிக்கு ஒன்று, கெட்ட விளைவை நீக்கும் பியூரிஃபைக்கு ஒன்று என்று எழுதிக்கொள்ளலாம். ஏஞ்சலிக் ஃபெதர் போலத் தரையில் வைக்கும் ஸ்பெல்லுக்கு [@பிளேயர்] போட்டால் உங்கள் காலடியிலேயே விழும். மாஸ் டிஸ்பெல்லுக்கு [@கர்சர்] போட்டால் அம்பு இருக்கும் இடத்தில் உடனே விழும், வட்டத்தை வைத்துக் கிளிக் செய்யும் வேலை மிச்சம். ஒரு மேக்ரோவில் 255 எழுத்துக்கு மேல் போகாது. அதனால் இருப்பதையெல்லாம் ஒன்றிலேயே திணிக்க வேண்டாம்.

சரி, நின்றுபோகும் வரிசைக்கு வருவோம். ஸ்பெல்களை வரிசையாகப் போடும் /காஸ்ட்சீக்வென்ஸ் கட்டளை, ஒரு ஸ்பெல் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தால்தான் அடுத்ததற்கு நகரும். முதல் சுற்றில் மூன்றும் போய்விட்டன. மறுபடி செரெனிட்டிக்கு வரும்போது அது கூல்டவுனில், அதாவது மறுபடி போடக் காத்திருக்க வேண்டிய நேரத்தில், இருக்கிறது. போட முடியாது, தாண்டவும் தெரியாது. நீங்கள் எத்தனை முறை தட்டினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். இதில் கொடுமை என்னவென்றால், ஃபிளாஷ் ஹீல் போடப் போடத்தான் செரெனிட்டியின் கூல்டவுன் வேகமாகக் குறையும். அந்த ஃபிளாஷ் ஹீல் செரெனிட்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது!

பத்து விநாடியில் வரிசை முதலிலிருந்து தொடங்க, ரீசெட்=10 என்று சேர்த்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பத்து விநாடி கடைசியாக நீங்கள் தட்டியதிலிருந்து எண்ணப்படுகிறது. பதற்றத்தில் தட்டிக்கொண்டே இருந்தால் அது முடியவே முடியாது. முடிந்தாலும் செரெனிட்டிதான் மறுபடி முதலில் வரும். கூல்டவுன் உள்ள ஸ்பெல்லை வரிசையில் வைக்காதீர்கள். கூல்டவுன் இல்லாத ஷேடோ வேர்ட்: பெயின், அதன் பின் சில ஸ்மைட், ரீசெட்=டார்கெட் என்று வைத்தால் நன்றாக ஓடும், ஒவ்வொரு புது எதிரியிடமும் பெயினிலிருந்து தொடங்கும். ஸ்பெல் பெயரில் உள்ள முக்காற்புள்ளியையும் விடாமல் தட்டுங்கள்.

'செரெனிட்டி தயாராக இருந்தால் அது, இல்லையென்றால் ஃபிளாஷ் ஹீல்' என்று எழுத முடியாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். முடியாது. யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம், எது தயார், எந்த பஃப் (உதவும் மந்திர விளைவு) ஓடுகிறது என்பதையெல்லாம் மேக்ரோவின் நிபந்தனைகளால் பார்க்க முடியாது. தொடக்க காலத்தில் ஸ்கிரிப்ட் எழுதி இதைச் செய்ய வழி இருந்தது. 2006 டிசம்பரில் வந்த 2.0 பதிப்போடு அந்தக் கதவை மூடிவிட்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். யாரை இப்போது காப்பாற்றுவது என்று கணிப்பதுதான் ஹீலரின் ஆட்டமே. அதையும் பட்டன் செய்துவிட்டால் ரெய்டில் (பலர் கூடி பாஸை எதிர்க்கும் ஆட்டம்) உங்களுக்கு என்ன வேலை?

ஒரு தட்டலுக்கு ஒரு ஸ்பெல் என்ற கணக்கும் அதோடு ஒட்டியதுதான். பெரும்பாலான ஸ்பெல்கள் போட்டதும் பொதுவான ஓர் இடைவெளி தொடங்கும். அடிப்படையில் 1.5 விநாடி, ஹேஸ்ட் (உங்கள் வேக எண்) ஏறினால் குறையும். அதற்குள் அதே மேக்ரோவின் அடுத்த ஸ்பெல் போகாது. அந்த இடைவெளியைத் தொடங்காதவற்றை மட்டும் மேலே அடுக்கலாம். டிவைன் ஹிம் மேக்ரோவில் முதல் வரியாக /யூஸ் 13 என்று போட்டால் மேல் டிரிங்கெட்டும் (நீங்கள் அணியும் சிறப்புப் பொருள்) சேர்ந்து ஓடும், கீழுள்ளதற்கு 14. அதை ஃபிளாஷ் ஹீல் மேக்ரோவில் மட்டும் வைக்காதீர்கள், சண்டையின் முதல் சிராய்ப்புக்கே டிரிங்கெட் செலவாகிவிடும்.

ஷிஃப்ட் பிரச்சினை சின்னது. ஷிஃப்ட்டும் 1 முதல் 6 வரை உள்ள எண்களும் சேர்ந்தால் பட்டன் பக்கத்தை மாற்று என்று விளையாட்டு முதலிலேயே ஒதுக்கி வைத்திருக்கிறது. ஷிஃப்ட் அழுத்தியிருந்தால் என்பதற்காக [மாட்:ஷிஃப்ட்] என்று நீங்கள் எழுதியது மேக்ரோவை எட்டுவதே இல்லை. கீபைண்டிங் பகுதிக்குப் போய் அந்த ஆறையும் எடுத்துவிடுங்கள்.

கீபோர்டில் பதிவு செய்து ஓடவிடுவது வேண்டவே வேண்டாம். ஒரு தட்டலுக்குப் பல செயல்களை நேரம் விட்டு அனுப்பும் மென்பொருளை, விளையாட்டை நடத்தும் பிளிஸ்ஸார்ட் ஏமாற்று வேலையாகப் பார்க்கிறது. ஒரு தட்டலைப் பல கணக்குகளுக்கு அனுப்பும் மென்பொருளையும் 2020 நவம்பரில் தடை செய்தார்கள். கணக்கு போனால் இத்தனை வருட உழைப்பும் போய்விடும். பக்கவாட்டுப் பட்டன்கள் உள்ள மவுஸ் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மேக்ரோ கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோலாலம்பூரிலிருந்து ஆடுபவருக்கு இது முக்கியம். உங்கள் ஃப்ராஸ்ட்மோர்ன் இருக்கும் ஓஷியானிக் சர்வர்கள் 2014 முதல் ஆஸ்திரேலியாவில் இருக்கின்றன. இங்கிருந்து பிங் (சர்வருக்குப் போய்வரும் நேரம்) நூறு மில்லிவிநாடியைத் தாண்டுவது சாதாரணம். ஒரு ஸ்பெல் முடியும் முன்பே அடுத்ததைத் தட்டினால் விளையாட்டு அதை வரிசையில் வைத்துக்கொள்ளும். அந்த அவகாசம் இயல்பாக 400 மில்லிவிநாடி. சர்வருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் 'நூறுக்கு இறக்கு, ஆட்டம் சுறுசுறுப்பாகும்' என்று சொல்வார்கள். நாம் அப்படிச் செய்தால் ஒவ்வொரு ஹீலுக்கும் நடுவே ஓட்டை விழும், நீங்கள் மேக்ரோவைத்தான் குறை சொல்வீர்கள். மெனு பட்டன் மேல் அம்பை வைத்தால் ஹோம், வேர்ல்ட் என்று இரண்டு எண் தெரியும். வேர்ல்ட் எண்ணோடு நூறைக் கூட்டி, அதற்குக் கீழே இறங்காதபடி வையுங்கள். 130 என்றால் /கன்சோல் ஸ்பெல்கியூவிண்டோ 230. ஏற்கெனவே யாராவது சொல்லி இறக்கியிருந்தால், இன்று ரெய்டுக்கு முன் 400 என்று அடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.