பழைய ஃபார்கோவுக்குப் புது சஸ்பென்ஷன்: கேட்டவர்களுக்குப் பதில்

காட்பாடிப் பக்கம் ஒரு ஷெட்டில் ஐம்பதுகளின் ஃபார்கோ பிக்கப் ஒன்றைப் பிரித்துப் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கேபினும் பானெட்டும் பழசு, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் புதுசு. போட்டோ பார்த்தவர்கள் கேட்டதற்கெல்லாம் தனித்தனியாக எழுத முடியவில்லை, அதனால் இங்கே ஒன்றாக. என்ன கலர் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது கடைசி வேலை.

கேள்வி (குடியாத்தம்): அண்ணே, தாத்தா வாங்கின டாட்ஜ் வண்டி தோட்டத்துல நிக்குது. நானும் இப்படிக் கட்டலாம்னு இருக்கேன். முதல்ல எதுல கை வைக்கணும்?

பதில்: ஸ்பேனரில் இல்லை தம்பி, ஆர்சியில். ஆர்சி யார் பேரில் இருக்கிறது, சேசிஸ் (அடிச்சட்டம்) நம்பர் அதோடு ஒத்துப்போகிறதா, துருவில் நம்பரே தெரிகிறதா என்று முதலில் பார். 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்சிக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதனால் இன்ஜின் மாற்றுவதாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ ஆபீஸில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கு. ரோட்டுக்கே வராமல் சொந்த நிலத்திலும் கண்காட்சியிலும் மட்டும் நிற்கப்போகிற வண்டி என்றால் அது வேறு கதை.

கேள்வி (ஆற்காடு): வின்டேஜ் என்று பதிவு செய்துவிட்டால் பிரச்சினை இல்லையே சார்?

பதில்: நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 2021-இல் வந்த வின்டேஜ் விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், நம்பரில் விஏ என்று வரும். இதெல்லாம் சரி, ஆனால் வண்டி பிறந்த மேனிக்கே இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. முன்னால் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் (ரெண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்குவது) போட்ட வண்டியை வின்டேஜ் என்று கொண்டுபோய் நிறுத்த முடியாது. தாத்தா வண்டி முழுசாக, ஒரிஜினல் இன்ஜினோடு இருந்தால் அதை வெட்டாதீர்கள் என்பதுதான் என் கருத்து. என்னுடையது கேபினும் பானெட்டும் மட்டும் மிஞ்சிய வண்டி, அதனால்தான் துணிந்தேன்.

கேள்வி (வாணியம்பாடி): பழைய சேசிஸை வைத்துக்கொள்வதா, சுமோ சேசிஸ் மேல் கேபினை இறக்குவதா?

பதில்: இறக்குவது லேசு என்று தோன்றும். வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்) ஒத்துவராது, சேசிஸை நடுவில் வெட்டி ஒட்ட வேண்டி வரும், ஸ்டியரிங் காலம் கேபினுக்குள் எங்கேயோ வந்து முட்டும், கேபின் மவுண்ட் ஒன்றுகூடப் பொருந்தாது, கடைசியில் பானெட் மூக்கு வானத்தைப் பார்க்கும். பழைய சேசிஸ் நேராக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் திறந்த சி சேனலாக இருப்பதால் முறுக்கம் அதிகம், முன்பாதியையாவது 3 அல்லது 4 மி.மீ. பிளேட் வைத்துப் பெட்டியாக மூடுங்கள். மூடும்போது குறுக்கே ஆங்கிள் அடித்து, லெவல் பார்த்து, இந்தப் பக்கம் ரெண்டு இஞ்ச் அந்தப் பக்கம் ரெண்டு இஞ்ச் என்று மாற்றி மாற்றி வெல்ட் அடிக்க வேண்டும். ஒரே இழுப்பில் அடித்தால் சேசிஸ் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். பிளேட் கட்டிங்குக்கு அலைய வேண்டாம், ராணிப்பேட்டையில் பெல் (BHEL) கம்பெனிக்கு வேலை செய்து கொடுக்கும் சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட்களில் வரைபடம் கொடுத்தால் அளவாக வெட்டிக் கொடுப்பார்கள். அட்டையில் ஒரு மாதிரி வெட்டி வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி (வேலூர், சத்துவாச்சாரி): முன்பக்க சஸ்பென்ஷன் எந்த வண்டியுடையது? எப்படிப் பொருத்தினீர்கள்?

பதில்: இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பழைய சுமோவிலும் பழைய சஃபாரியிலும் முன்னால் டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக்கொள்ளும் கம்பி), அந்தக் கம்பி பின்னால் நீண்டு போய் ஒரு குறுக்குச் சட்டத்தில் உட்கார வேண்டும், நம் இன்ஜினுக்கும் கேபின் தரைக்கும் அது இடைஞ்சல். அதனால் நான் காயில் ஸ்பிரிங் வைத்த ஸ்கார்பியோ பாகங்களை எடுத்துக்கொண்டு, கிராஸ்மெம்பரை (ரெண்டு பக்க ஆர்ம்களையும் தாங்கும் குறுக்குச் சட்டம்) மட்டும் புதிதாகச் செய்தேன்.

வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பக்க ஹப் (சக்கரம் போல்ட் ஆகும் இடம்) முகத்திலிருந்து அந்தப் பக்க ஹப் முகம் வரை. பழைய மட்கார்டு குறுகலானது, இப்போதைய வண்டியின் அகலத்தை அப்படியே வைத்தால் டயர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதற்காகக் கிராஸ்மெம்பரைக் குறுக்கினால் ஸ்டியரிங் ரேக்கையும் (சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு) அதே அளவு குறுக்க வேண்டும். முந்தையதைச் செய்துவிட்டுப் பிந்தையதை விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் வினை. டை ராடின் (ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) உள் பால் ஜாயின்ட், சக்கரத்தைப் பிடிக்கும் மேல் ஆர்ம் கீழ் ஆர்ம் இரண்டின் உள் புஷ்களையும் இணைக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அது தள்ளிப்போனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். பள்ளிகொண்டா டோல் தாண்டி ரெண்டு லாரிக்கு நடுவில் போகும்போது அப்படித் திரும்பினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பது இப்படி. வண்டியை ஓடும் உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை நடுவில் கட்டிவிடுங்கள். ஹப்பில் ஒரு நேரான பலகையைப் போல்ட் செய்து, அதன் முன் முனையிலிருந்தும் பின் முனையிலிருந்தும் பக்கத்தில் இழுத்துக் கட்டிய நூலுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். ஜாக்கியால் ஹப்பை ஒவ்வொரு இஞ்சாக மேலே ஏற்றி, பிறகு கீழே இறக்கி, ஒவ்வொரு முறையும் அளங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் மாறாமல் இருந்தால் ரேக் சரியான இடத்தில் இருக்கிறது. மாறினால் ரேக்கை ஷிம் (மெல்லிய தகடு) வைத்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். இது முடியும் வரை எல்லாம் டேக் வெல்டிலேயே (தற்காலிகப் புள்ளி வெல்ட்) இருக்கட்டும்.

இன்னொன்று, காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம். பவர் ஸ்டியரிங் என்றால் 3 முதல் 5 டிகிரி. சேசிஸை மட்டமாக வைத்து இதைச் செட் செய்துவிட்டு, அப்புறம் ஸ்டைலுக்காகப் பின்பக்கத்தை ஒரு டிகிரி தூக்கினால் காஸ்டரில் அந்த ஒரு டிகிரி போய்விடும். ஆகவே டயர் அளவு, வண்டி நிற்கும் உயரம், முன்பின் சாய்வு மூன்றையும் முடிவு செய்துவிட்டுத்தான் முதல் டேக்கே அடிக்க வேண்டும்.

கேள்வி (திருப்பத்தூர்): பின்னால் பட்டை ஸ்பிரிங்கே போதுமா அண்ணா? ஃபோர் லிங்க் போட்டால்தான் கெத்து என்கிறார்கள்.

பதில்: லோடு ஏற்றுவாய் என்றால் பட்டையே போதும். பட்டைகளைக் குறைத்து, நல்ல ஷாக் போட்டாலே சவாரி மாறிவிடும். ஃபோர் லிங்க் (ஆக்சிலை நாலு கம்பியால் பிடிப்பது) போட்டால் ஆக்சில் பக்கவாட்டில் ஓடாமலிருக்க பன்ஹார்ட் ராடு (ஆக்சிலைச் சேசிஸோடு குறுக்காகக் கட்டும் கம்பி) வேண்டும், மேல் லிங்க் இரண்டையும் வி மாதிரி சாய்த்து வைத்தால் வேண்டாம். எது போட்டாலும் பினியன் (பின் ஆக்சிலில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் மூக்கு) கோணத்தை மறக்காதே. கியர்பாக்ஸ் பின்னால் 3 டிகிரி கீழே சாய்ந்தால் பினியன் 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும், இரண்டும் இணையாக. பட்டை என்றால், ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பினியன் மூக்கு தூக்கும், அதற்காக ஒன்று ரெண்டு டிகிரி இறக்கி வை. இல்லையென்றால் அறுபதில் ஒரு அதிர்வு வரும், எந்த மெக்கானிக்கும் அதை டயர் பேலன்ஸ் என்றே சொல்லுவார்.

கேள்வி (அரக்கோணம்): ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை, அதான் ஏர் பேக்?

பதில்: போடலாம். காற்று இறங்கினாலும் வண்டி பம்ப் ஸ்டாப்பில் (கடைசியில் தாங்கும் ரப்பர்) நின்று, டயர் எதிலும் உரசாமல் ஓரம் கட்ட முடிய வேண்டும். அது முடியாதென்றால் வேண்டாம்.

கேள்வி (பேர்ணாம்பட்டு): தம்பி, என் வீட்டுக்காரர் பழைய ஜீப் கேபினுக்கு ஜிஐ ஷீட்டில் தரை போட்டுக்கொண்டிருக்கிறார். வெல்டிங் அடித்த அன்று ராத்திரி குளிர் காய்ச்சல், காலையில் சரியாகிவிடுகிறது. பயப்படணுமா?

பதில்: அக்கா, அது ஷீட்டின் மேல் இருக்கும் துத்தநாகப் புகையாக இருக்கத்தான் வாய்ப்பு. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், உடம்புவலி, வாயில் உலோக ருசி, ஒன்று ரெண்டு நாளில் போய்விடும். போய்விடுகிறதே என்று விடக் கூடாது, மூச்சு வாங்கினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஜிஐ வேண்டாம், பூச்சு இல்லாத சிஆர் ஷீட் வாங்கச் சொல்லுங்கள், தரைக்கு 16 கேஜ், வெளிப் பாடிக்கு 18 கேஜ். ஜிஐ-தான் என்றால் வெல்ட் விழும் இடத்தில் பூச்சைக் கிரைண்டரில் எடுத்துவிட்டு, மாஸ்க் போட்டு, ஷட்டரைத் திறந்து வைத்து அடிக்கட்டும். அதைவிடப் பெரிய விஷயம்: பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்த இடம் காயாமல் ஆர்க் அடிக்கவே கூடாது. குளோரின் கலந்த கிளீனராக இருந்தால் வருவது பாஸ்ஜீன், உயிரை எடுக்கும் வாயு.

கேள்வி (சோளிங்கர்): கேபின் மூலைகளை நீங்களே அடித்தீர்களா? எனக்கு ஷீட் அலை அலையாகிவிடுகிறது.

பதில்: டேக்குகளுக்கு நடுவே அவசரப்படுகிறீர்கள். ஒரு டேக், அரை அடி தள்ளி அடுத்தது, கை வைத்துப் பார்த்து ஆறின பிறகு சுத்தியும் டாலியும் (பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்துத் தட்டி, அப்புறம் நடுவில் ஒன்று. நம்ம ஊர் மே மாத வெயிலில் ஷீட் ஆறவே ஆறாது, காலையில் செய்யுங்கள். வளைவுகளுக்கு மணல் மூட்டையும் மரச் சுத்தியுமே நிறையத் தூரம் கொண்டுபோகும். ஊரில் பழைய டிங்கர் யாராவது இருந்தால் ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். மிச்சப் பள்ளத்தைப் பட்டி போட்டு மறைக்கலாம், மூன்று மி.மீ.க்கு மேல் போனால் அடுத்த வருடம் வெடிக்கும்.

கேள்வி (ஜோலார்பேட்டை): ஏலகிரி ஏற்றி இறக்கலாமா இந்த வண்டியை?

பதில்: ஏறுவது பிரச்சினை இல்லை, 14 ஊசி வளைவும் இறங்கும்போதுதான். பழைய வண்டியில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை, ஒரு பைப் போனால் நாலு சக்கரமும் போச்சு. டேண்டம் (ரெண்டு தனி லைன் கொண்ட) மாஸ்டர் சிலிண்டரும் முன்னால் டிஸ்க் பிரேக்கும் கட்டாயம். டீசல் இன்ஜின் போட்டால் பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் தானாக வராது, ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்யூம் பம்ப் வேண்டும், ஆல்டர்னேட்டர் வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள். மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே, காலிப்பரைவிட (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) தாழ்வாக இருந்தால் டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு (லைனில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைப்பது) வையுங்கள், இல்லையென்றால் ஆயில் திரும்பி வந்து முதல் மிதி வெறும் மிதியாகும்.

கேள்வி (ஆம்பூர்): சீட்டுக்கு நம்ம ஊர் லெதர்தானே?

பதில்: பின்னே? ஆனால் ஷூ மேல்பாகத்துக்குப் பதப்படுத்திய ஆட்டுத் தோலைக் காட்டினால் வாங்காதீர்கள். சின்னச் சின்னத் தோல், பெஞ்ச் சீட்டுக்கு ஒட்டு ஒட்டாக வரும். அப்ஹோல்ஸ்டரி என்றே கேட்டு, பெரிய மாட்டுத் தோலாக, ஒரு மி.மீ. சுற்றி கனத்தில் வாங்குங்கள். ஸ்பாஞ்சை முதலில் வெட்டி உட்கார்ந்து பார்த்து, ஸ்டியரிங் தொடையில் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் தைக்கக் கொடுக்க வேண்டும். எனக்கு ஸ்பாஞ்ச் இன்னும் வெட்டவில்லை, பிரியாணி வாங்கித் தருவதாக இருந்தால் வந்து உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள்.