கோபம் ஆள் பார்த்துத்தான் வருகிறது: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் முதலாளி புராணம், மேனேஜர் புராணம். மீதியில் முதலாளிகளே எழுதிய ஆள் புராணம். எல்லாவற்றுக்கும் இடமில்லை, சேலத்துக்காரர்கள் நாலு பேரையும் ஏற்காட்டிலிருந்து ஒரு பெண்ணையும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். அப்பா காலத்துத் தொழில். எனக்குக் கோபம் வந்தால் வாயில் என்ன வருகிறதென்றே தெரியாது, ஆனால் அஞ்சு நிமிஷத்தில் மறந்துவிடுவேன், மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன். தீபாவளிக்கு அப்புறம் நல்ல கைகாரர்கள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். கூலியில் நான் குறை வைத்ததில்லை. எங்கே தப்பு அக்கா?
(பெயர் வேண்டாம் என்றவர், செவ்வாய்பேட்டை)

பதில்: அஞ்சு நிமிஷத்தில் மறப்பது நீங்கள். வாங்கிக் கட்டிக்கொண்டவர் எப்போது மறந்தார் என்று விசாரித்தீர்களா?

ஒன்று கேட்கிறேன். வெளியூர் மொத்த வியாபாரி வருகிறார். உங்கள் சாம்பிளைப் புரட்டிப் பார்த்துவிட்டு "ஃபினிஷிங் சரியில்லையே" என்று மேஜையில் போடுகிறார். கோபம் வருமா? வரும். வாய் திறக்குமா? திறக்காது. டீ சொல்லி, அடுத்த லாட்டில் சரி பண்ணிவிடலாம் என்று சிரித்து, வாசல் வரை போய் வழியனுப்புவீர்கள். அவர் வண்டி கிளம்பினதும் மெருகு போடுகிற பையன் கண்ணில் படுவான், அவனுக்கு விழும் பாருங்கள் அர்ச்சனை. ஆக, கோபம் உங்களை மீறி வரவில்லை, ஆள் பார்த்துத்தான் வருகிறது. யாரால் திருப்பிக் கொடுக்க முடியாதோ அவரிடம் வருகிறது. மனசில் வைத்துக்கொள்வதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்களே, மனசில் இருந்ததையெல்லாம் அவன் தலையில் இறக்கிவிட்ட பிறகு உங்களிடம் வைத்துக்கொள்ள என்ன மிச்சம் இருக்கும்?

உங்கள் தொழிலில் இது இன்னும் கூர்மையாகப் படும். எடை போட்டு வெள்ளி கொடுக்கிறீர்கள், வேலை முடிந்ததும் எடை போட்டுக் கொலுசு வாங்குகிறீர்கள், சேதாரம் இவ்வளவு என்று கழிக்கிறீர்கள். கணக்கில் ஒரு கிராம் இடிக்கிறது என்று வையுங்கள். அந்த நேரம் தராசைப் பார்க்கிறீர்களா, ஆளின் முகத்தைப் பார்க்கிறீர்களா? பட்டறையில் நாலு பேர் காதுபட "எங்கடா போச்சு?" என்று கேட்டால் அது கணக்குக் கேட்பது ஆகாது, திருடன் என்று சொல்வதுதான். ராவும்போது தூளாகப் போயிருக்கலாம், பற்றவைக்கும்போது போயிருக்கலாம், காலையில் எடை போட்டதே தப்பாக இருந்திருக்கலாம். அவரை மட்டும் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரே மறுபடி எடை போட்டு, நோட்டில் எழுதி, "என்ன ஆச்சுன்னு சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்ல இரண்டு நிமிஷம் கூட ஆகாது. வெள்ளி விற்கிற விலையில் ஒரு கிராமும் பெரிசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து வருஷக் கை ஒன்று பக்கத்துத் தெருப் பட்டறைக்குப் போனால் அதன் விலை என்ன என்று அந்த நோட்டில் எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா?

எங்கப்பா அடிச்சுத்தான் வேலை வாங்கினார், கண்டிப்பு இல்லாமல் பட்டறை நடக்குமா என்பீர்கள். கண்டிப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? 1935ல் டி.ஆர்.சுந்தரம் நம் ஊரில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பித்து நூறு படத்துக்கு மேல் எடுத்தார், ஏற்காடு ரோட்டில் அதன் முகப்பு வளைவு மட்டும் இன்றைக்கும் நிற்கிறது. அவர் கண்டிப்புக்குப் பேர் போனவர், எவ்வளவு பெரிய நடிகரானாலும் நேரம் தவறினால் பொறுக்க மாட்டார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்த மாதிரிக் கண்டிப்பில் என்ன விதி என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் சலுகை கிடையாது. உங்கள் பட்டறையிலோ இன்றைக்கு முதலாளி என்ன மூடில் இருக்கிறார் என்று காலையில் ஷட்டர் தூக்குகிற சத்தத்தை வைத்துக் கணிக்க வேண்டியிருக்கிறது என்றால், அதற்குக் கண்டிப்பு என்று பேர் வைக்காதீர்கள்.

போன மூன்று பேரில் ஒருவரையாவது வீட்டில் போய்ப் பாருங்கள். திரும்ப வா என்று கூப்பிட வேண்டாம், ஏன் போனாய் என்று மட்டும் கேளுங்கள். என்ன சொன்னாலும் பதில் பேசாமல் கேட்டுவிட்டு எழுந்து வாருங்கள். உங்களுக்கு அதுதான் கஷ்டமாக இருக்கப்போகிறது.

கேள்வி: விவசாயப் பட்டம் முடித்துவிட்டு ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கிறேன். வயது 24. என்னிடம் வேலை செய்பவர்கள் எல்லாம் என் அம்மா வயது. சிவந்த பழத்தை மட்டும் பறிக்கச் சொன்னால் பச்சைக் காயையும் சேர்த்து உருவிக் கூடையில் போடுகிறார்கள். சொன்னால், "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தச் செடியப் பாத்தவங்க கண்ணு நாங்க" என்று சிரிக்கிறார்கள். மேனேஜர் "ஸ்ட்ரிக்ட்டா இரு" என்கிறார். எனக்கு அழுகைதான் வருகிறது.
(ஒரு வாசகி, ஏற்காடு)

பதில்: அழுகை வந்தால் அழுதுவிட்டு வேலையைப் பாருங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது. அவர்கள் சொன்னதும் உண்மைதானே? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அன்றிலிருந்து செடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது பங்களாக்காரர்களா, பறிக்கிறவர்களா? அவர்களுக்குப் பழமும் காயும் தெரியாமல் இல்லை. தெரிந்தே ஏன் உருவுகிறார்கள் என்பதுதான் கேள்வி, அதைக் கேட்காமல் ஸ்ட்ரிக்ட்டாக இருந்து என்ன பிரயோஜனம்?

சாயங்காலம் எடை போடுகிற இடத்தில் போய் நில்லுங்கள். கூடையில் பழம் இருந்தாலும் காய் இருந்தாலும் தராசில் ஒரே கிலோதான். கிலோவுக்கு இவ்வளவு என்று மேல்காசு உண்டென்றால், அந்த அம்மா தராசு கேட்பதைத்தான் கொடுக்கிறார், நீங்கள் கேட்பதை இல்லை. காபி ஒரே நாளில் பழுப்பதும் இல்லை. ஒரே கிளையில் நாலு சிவப்பு, பத்துப் பச்சை என்று இருக்கும், அதே செடிக்கு இரண்டு மூன்று தடவை வர வேண்டும். முதல் சுற்றில் பழமாகப் பொறுக்கினால் நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கியும் கூடை நிறையாது. அந்த நஷ்டத்தை அவர் ஏன் ஏற்க வேண்டும்? முதல் சுற்றுக்கு எடைக் கணக்கைக் குறைத்து, பழத்துக்குத் தனி விலை போடச் சொல்லி மேனேஜரிடம் போய்ப் பேசுங்கள். கீழே இருப்பவர்களிடம் ஸ்ட்ரிக்ட்டாக இருப்பது சுலபம், அதை மேலே காட்டுங்கள். ஒரு லாட்டைக் காயும் பழமுமாகவும் இன்னொன்றைப் பழமாகவும் தனித்தனியாகக் காய வைத்து, இரண்டுக்கும் என்ன விலை வருகிறது என்று காட்டினால் அவர் காது கொடுப்பார்.

இன்னொன்று. பறிக்கிற இடத்தில் குடிதண்ணீர் எங்கே இருக்கிறது, ஒதுங்க வசதி இருக்கிறதா, கைக்குழந்தையை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பாருங்கள். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951லேயே தண்ணீர், கழிப்பறை, குழந்தைகள் காப்பகம் எல்லாம் சொல்லிவிட்டது. ஜீப்பில் வந்து போகிற மேனேஜர் கண்ணில் இதெல்லாம் படாது. உங்கள் கண்ணில் படும், நீங்களும் காலையிலிருந்து அதே சரிவில்தானே நிற்கிறீர்கள். இதில் ஒன்றைச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டு அப்புறம் பழத்தைப் பற்றிப் பேசுங்கள். கண்ணு என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள், கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சதீஷ் தவானும் கலாமும் வருகிற ராக்கெட் கதையை எங்கள் கிளை மேலாளர் மாதம் ஒரு தடவையாவது ஆபீஸ் குரூப்பில் ஃபார்வர்டு பண்ணுவார். டார்கெட் விழாத மாதம் மேலிடத்து மீட்டிங்கில் மட்டும் என் பேரைச் சொல்லிவிட்டார். குரூப்பிலேயே நறுக்கென்று பதில் போடலாமா?
(நிதி நிறுவன ஊழியர், ஐந்து ரோடு)

பதில்: போடாதீர்கள். கைதட்டல் ஒரு சாயங்காலம், இன்க்ரிமென்ட் ஒரு வருஷம்.

தெரியாதவர்களுக்காகக் கதை: 1979 ஆகஸ்ட் 10ல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் தவான். 1980 ஜூலை 18ல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனதும், நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பினார். இது வரைக்கும்தான் ஃபார்வர்டு ஆகும். ஆனால் வெளியே பழியை ஏற்றுக்கொண்டதால் உள்ளே விசாரணை இல்லாமல் போகவில்லை, இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் என்ன கோளாறு என்று தோண்டித்தான் பார்த்தார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பேட்டியைவிடப் பெரிய விஷயம், அடுத்த ராக்கெட்டையும் அதே கலாம் கையில் விட்டது.

உங்கள் மேலாளர் தவானாக வேண்டாம், முன்கூட்டிச் சொல்லும் மனுஷனாக இருந்தால் போதும். தனியாகப் போய், "சார், மேலே என் பேர் போகும்னா எனக்கு முதல்ல சொல்லிடுங்க, நானும் விவரத்தோட தயாரா இருப்பேன்" என்று சொல்லுங்கள். அப்புறம் மாதக் கடைசி வரை காத்திராமல் வசூல் எங்கே இடிக்கிறது என்று 15ஆம் தேதியே அவருக்கு மெயில் போட்டுவிடுங்கள், தேதியோடு.

கேள்வி: தலைமைப் பண்புப் பயிற்சி, இரண்டு நாள், ஸ்டார் ஓட்டல், நாற்பதாயிரம் கேட்கிறார்கள். போகலாமா?
(விசைத்தறி உரிமையாளர், அம்மாப்பேட்டை)

பதில்: சாப்பாடு நன்றாக இருக்கும். நாற்பதாயிரத்தைத் தறிக்கூடத்தில் காற்று வர ஜன்னலுக்கும் ஃபேனுக்கும் போட்டுவிட்டு, மிச்சம் இருந்தால் போய் வாருங்கள்.

கேள்வி: ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார ஸ்டூல் இருந்தது. வாடிக்கையாளர் பார்த்தால் நன்றாக இருக்காது என்று புது ஃப்ளோர் சூப்பர்வைசர் எடுத்துவிட்டார். அவரும் எங்களை மாதிரி நின்று மேலே வந்தவர்தான், அதுதான் வருத்தம்.
(ஒரு வாசகி, சேலம்)

பதில்: தான் நின்றதால் நீங்களும் நிற்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு, முதலாளி முறைப்பாரோ என்று பயந்து எடுக்கிறவர்களும் உண்டு. இவர் இரண்டாவது ரகமாக இருக்கலாம், அதனால் சண்டையோடு ஆரம்பிக்காதீர்கள். கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் தமிழ்நாடு அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்பது அது. அந்தப் பிரிவின் எண் 22-ஏ. ஒரு தாளில் அச்செடுத்து, நாலைந்து பேராகச் சேர்ந்து போய், "நாளைக்கு யாராவது கேட்டா உங்களுக்குத்தான் பிரச்சினை" என்று அவருக்கு உதவுகிற மாதிரியே கொடுங்கள். நகரவில்லை என்றால் முதலாளி, அவரும் நகரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகம். ஸ்டூல் திரும்பி வந்ததா என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.