கொல்லாத கிளெரிக் கூட்டாளிகளுக்குச் சுமையா?

கேள்வி: அண்ணா, ஞாயிறுதோறும் அல்சூரில் ஒரு நண்பர் வீட்டில் டைஸ் உருட்டிக் கதைப் பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள்தான். என் பாத்திரம் மருதி ஒரு கிளெரிக், அதாவது தெய்வ அருளால் மந்திரம் போடுபவள். எந்த உயிரையும் கொல்வதில்லை என்று சபதம் எடுத்தவள். "நீ ப்ளெஸ் மந்திரம் போடுற, நாங்க வெட்டுறோம். உன் கை மட்டும் எப்படிச் சுத்தம்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மருதியை நம்பும்படி எப்படி அமைப்பது?
- பெயர் வேண்டாம், அல்சூர், பெங்களூரு

பதில்: நண்பர்கள் கேட்டது நியாயமான கேள்வி. மழுப்பாதீர்கள். மருதியே அதற்குப் பதில் சொல்லட்டும்.

ப்ளெஸ் போட்டால் மூன்று பேருக்குத் தாக்கும்போதும், ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோவிலும் நாலு முக டைஸ் ஒன்று கூடுகிறது. என் ஆட்களைக் காப்பாற்றத்தான் போட்டேன் என்று அவள் மனசாரச் சொல்லலாம். ஆளை அசையாமல் நிறுத்தும் ஹோல்ட் பெர்சன் மந்திரத்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது. அசைய முடியாமல் நிற்பவன் மேல் 5 அடிக்குள்ளிருந்து விழும் ஒவ்வொரு அடியும் க்ரிட்டிகல், அதாவது மிகப் பலத்த அடி. ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு நான் வெட்டவில்லை என்றால் யார் நம்புவார்கள்? என்னைக் கேட்டால் அந்த ஸ்பெல் மருதியிடம் இருக்கவே கூடாது.

அதற்குப் பதிலாக காம் எமோஷன்ஸ் எடுங்கள். அதுவும் இரண்டாம் லெவல்தான். 20 அடி ஆரத்துக்குள் நிற்கும் ஹியூமனாய்டுகள், அதாவது மனித உருவமுள்ள உயிர்கள், கரிஸ்மா சேவிங் த்ரோவில் தோற்றால், ஒரு நிமிடம் வரை பகையை மறந்து நிற்கும்படி செய்யலாம். கோப்ளின் என்ற குட்டிப் பூதத்துக்குப் பலிக்கும், ஓநாய்க்குப் பலிக்காது. ஆனால் உங்கள் ஆளில் ஒருவர் அம்பு விட்டால் போச்சு. அடிபட்டவனும் அதைப் பார்த்த அவன் கூட்டாளிகளும் மறுபடி கத்தியைத் தூக்கிவிடுவார்கள். ஆக, மருதி முதலில் கெஞ்ச வேண்டியது தன் சொந்தக் கூட்டாளிகளிடம். அந்த ஒரு நிமிடத்தில், அதாவது பத்து ரவுண்டில், என்ன பேசுகிறாள் என்பதில்தான் அவள் யார் என்று தெரியும்.

ஒருவரைத் தாக்க வருபவரைத் தடுக்கும் சாங்க்சுவரி மந்திரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெயநகரில் நான் டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) ஆக இருக்கும் மேசையில் ஒரு கிளெரிக் அதைத் தன் மேல் போட்டுக்கொண்டு, கையில் ஆயுதமில்லாமல் சண்டைக்கு நடுவே நடந்தாள். வில்லேந்திய கோப்ளின் விஸ்டம் சேவில் தோற்றது. விதிப்படி அது வேறு ஆளைக் குறிவைக்கலாம் அல்லவா? பக்கத்தில் நின்ற ரேஞ்சர் என்ற காட்டு வீரர் அம்பு பட்டு விழுந்தார். மேசையே அமைதியாகிவிட்டது. அந்தப் பெண் ஹீலிங் வேர்ட் என்ற குணமாக்கும் மந்திரம் சொல்லி ரேஞ்சரை எழுப்பினார். அடுத்த சண்டையிலிருந்து சாங்க்சுவரியை அடிபட்டுக் கிடக்கும் நண்பர் மேல்தான் போடுகிறார். சபதத்தின் விலையை அடுத்தவர் கொடுத்ததைப் பார்த்த பிறகு வந்த மாற்றம் அது. எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

சபதத்துக்குக் காரணமும் வேண்டும். இளகிய மனசு என்பது மட்டும் போதாது. படையோடு போய் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் கட்டுப் போட்டவள் என்று வையுங்கள், மற்றது தானாக வரும்.

அப்புறம், டி.எம்.மிடம் ஒன்று பேசிக்கொள்ளுங்கள். ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) பூஜ்யமானால் எதிரி செத்தான் என்றுதான் பெரும்பாலான டி.எம்.கள் வைத்துக்கொள்வார்கள். உங்கள் பாத்திரங்களைப் போல அவனும் மயங்கி விழட்டும் என்று கேளுங்கள். அப்போதுதான் சாகக் கிடப்பவரைக் காக்கும் ஸ்பேர் த டையிங் மந்திரத்தோடு மருதி அவனிடம் ஓட முடியும். கைக்கெட்டும் தூரத்தில் அடித்து வீழ்த்துபவர் கொல்லாமல் மயக்கமடைய வைக்கலாம் என்று விதியே இருக்கிறது. அம்புக்கு அது பொருந்தாது. எனவே வாள் வைத்திருக்கும் நண்பரிடம் முதலில் பேசுங்கள்.

ஹோல்ட் பெர்சனை விடத் தயங்க வேண்டாம். ஒரு லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) எடுத்தால் கிளெரிக் ஸ்பெல்களை மாற்றிக்கொள்ளலாம். இந்த ஞாயிறே செய்துவிடலாம்.