தம்பிக்கு நான்கு நாள் காய்ச்சல், அப்பாவுக்கு ஐசியூ: ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். காய்ச்சல் கண்ட ஆறாம் நாள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்த்தோம். இன்ஃபுளூயன்சா (ஃபுளூ) நிமோனியா என்று சொல்லி வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள். அதே காய்ச்சல் வந்த என் தம்பி நான்கே நாளில் எழுந்துவிட்டான். நாங்கள்தான் தாமதித்துவிட்டோமா? கொரோனாவுக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசியை ஏன் போட மறுக்கிறார்கள்? அம்மாவும் சர்க்கரை நோயாளி. பயமாக இருக்கிறது. (மதுரை வாசகி)

பதில்: உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்ளாதீர்கள், அம்மா. காய்ச்சல் என்றால் மூன்று நாள் பார்ப்போம் என்றுதான் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். ஆனால் நாள்கணக்கு முக்கியம் என்பதையும் மறைக்க மாட்டேன். ஓசெல்டாமிவிர் மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அதற்காக ஆறாம் நாள் கொடுப்பது வீண் என்று எண்ண வேண்டாம். மருத்துவமனையில் சேரும் அளவுக்கு முற்றியவர்களுக்கு, பரிசோதனை முடிவு வரும்வரைகூடக் காத்திராமல் நாங்கள் அதைத் தொடங்கிவிடுவோம்.

தம்பிக்கு வயது துணை நின்றது. அப்பாவுக்கு வயதோடு சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை ஏறிய இரத்தத்தில் வெள்ளணுக்கள் மந்தமாகின்றன. வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா எளிதில் குடியேறிவிடுகிறது. காய்ச்சல் தணிந்து, ஓரிரு நாளில் மறுபடி ஏறி, சளி மஞ்சளாகவோ இரத்தம் கலந்தோ வந்தால் அதைத்தான் சந்தேகிப்போம். அப்பாவுக்கு அப்படி நடந்ததா என்று யோசித்து, மருத்துவரிடம் சொல்லுங்கள்; ஆன்டிபயாடிக்கைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

ஸ்டீராய்டு பற்றி எல்லாக் குடும்பங்களும் கேட்கின்றன. ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு காப்பாற்றியது உண்மை. இன்ஃபுளூயன்சாவில் கதை வேறு. ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்ததாகவே பெரும்பாலான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோய் மிகவும் முற்றியவர்களுக்கே அதைக் கொடுத்திருப்பார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் ஆஸ்துமா போன்ற வேறு காரணம் இல்லாவிட்டால் நாங்கள் கொடுப்பதில்லை. தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். அப்பாவைக் குப்புறப் படுக்க வைத்திருப்பதைப் பார்த்தால் பதறவும் வேண்டாம். முதுகுப்பக்கம் அமுங்கிக் கிடக்கும் நுரையீரல் பகுதி விரிவதற்காகச் செய்வது அது.

இப்போது என் கவலை உங்கள் அம்மாவைப் பற்றியது. ஒரே வீட்டில் இருந்தவர் என்பதால், காய்ச்சல் வருவதற்கு முன்பே தடுப்பாக மாத்திரை தேவையா என்று இன்றே மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல் வந்துவிட்டால் முதல் நாளே கூட்டிச் செல்லுங்கள். அவர் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 24-ஐத் தாண்டினாலோ, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஃபுளூ தடுப்பூசி பலன் தர இரண்டு வாரம் ஆகும். வருடந்தோறும் போட வேண்டும். அப்பா வீடு திரும்பிய பின் இருவருக்குமே போட்டுவிடுங்கள்.