ஆள் பிறகு, முதல்ல உழவு மிசின கேளுங்கோ

கேள்வி: முல்லைத்தீவு அளம்பில் பக்கம் எங்கட விளையாட்டுக் கழகம் போன வருசம் கடற்கரை துப்பரவு செய்தது, நிறையப் பேர் வந்தவை. கட்டின பையள பிரதேச சபை ஏத்தேல்ல, கிழமைக்கணக்கா மீன்வாடிப் பக்கத்திலயே கிடந்தது. இந்த முறை வட்ஸ்அப்பில போட்டா எல்லாரும் கும்பிடு ஸ்டிக்கர்தான் போடினம், வாறன் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. இணைப்பாளர் ஒராள் ஆக்கள், ரீசேட், சாப்பாடு எல்லாம் தான் தாறன், ஐசி (அடையாள அட்டை) நம்பரோட சைன் வச்ச லிஸ்ட் மட்டும் தாங்கோ எண்டுறார், பெர்மிட்டுக்கும் காசு கேக்கிறார். நம்பலாமோ?

பதில்: தம்பி, அந்தாளுக்கு வேண்டாம் எண்டு இண்டைக்கே சொல்லிப்போடுங்கோ. மிச்சத்தப் பிறகு கதைப்பம்.

ஆக்கள் ஏன் வரேல்ல எண்டதுக்கு நீங்களே பதில் எழுதியிருக்கிறியள். வெயிலுக்க குனிஞ்சு பொறுக்கின பொடியன், தான் கட்டின பைய நாய் கிழிச்சு காத்து கரையெல்லாம் திரும்பப் பரப்பினத தன்ர கண்ணால பார்த்திட்டு அடுத்த முறை என்னத்துக்கு வாறான்? அதால முதல் வேலை ஆள் சேர்க்கிறதில்ல, பிரதேச சபைக்குப் போய் குப்பை ஏத்திற உழவு மிசின் (டிராக்டர்) பெட்டி எத்தின மணிக்கு வரும், எங்க கொண்டுபோய் கொட்டும், ஆர் சாரதி எண்டு கேக்கிறது. வாயால இல்ல, கடிதம் குடுத்து கொப்பியில சீல் அடிச்சு வாங்குங்கோ. டீசல் இல்லை எண்டுவினம், ஐயா மீற்றிங்கில எண்டுவினம், கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போனா பிரதேச செயலகம் எண்டுவினம் அங்க போனா சபை எண்டுவினம், கரைக்கு சொந்தம் கொண்டாட எத்தினையோ திணைக்களம் இருக்கு, குப்பைக்குத்தான் சொந்தக்காரர் இல்லை. சலிக்காமப் போங்கோ. மிசின் வாற நாள்தான் உங்கட துப்பரவு நாள், சர்வதேச கடற்கரைத் துப்பரவு நாள் செப்டெம்பர் மூண்டாவது சனி எண்டதுக்காக மிசின் இல்லாத சனிக்கிழமையக் கட்டிப்பிடிக்காதேங்கோ. சனியில பொடியளுக்கு ரியூசன், ஞாயிறு எண்டா பூசை முடியவேணும், அதையும் பாருங்கோ. போத்தலெல்லாம் பழைய சாமான் எடுக்கிறவருக்கு குடுக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ, வெயிலில உக்கி மண் நிரம்பின போத்தல ஆரும் லேசில வாங்கமாட்டினம்.

ஆக்களுக்கு வட்ஸ்அப் காணாது. கழகம், மாதர் சங்கம், கடற்றொழில் சங்கம் ஒவ்வொண்டிலயும் ஒராளப் பிடிச்சு, நீங்கள் உங்கட எட்டுப் பேரோட வாங்கோ, இந்தத் தடியில இருந்து அந்தத் தடி மட்டும் உங்கட துண்டு, எட்டரைக்கு முடிப்பம் எண்டு சொல்லுங்கோ. முடியிற நேரத்த சொன்னாத்தான் சனம் வரும். தண்ணிய கானில வையுங்கோ, சின்னப் போத்தல் குடுத்தா அதையும் நீங்கள்தான் பொறுக்கவேணும். உரப்பைய அரைவாசிக்கு மேல நிரப்பாதேங்கோ, ஈர மண்ணோட தூக்கேலாது.

கிடக்கிற குப்பையப் பொறுக்கலாம், வலையிலதான் முதல் கவனம். இத கொஞ்சம் விளக்கமாச் சொல்லவேணும், ஏனெண்டா டவுன் பக்கத்தால வாற பிள்ளையளுக்கு இது விளங்காது. மண்ணில பாதி புதைஞ்சு, நிறம் வெளிறி, பாசி பிடிச்சு கிடக்கிற வலை குப்பை மாதிரித்தான் இருக்கும், ஆனா அது கரைவலைக்காரர் பொத்துறதுக்கு போட்டு வச்ச துண்டா இருக்கலாம், வாடிக்குப் பக்கத்தில சுருட்டின கயிறும் அப்பிடித்தான், கிழிஞ்ச மிதவைக் கட்டையும் அப்பிடித்தான். அத வெட்டி உரப்பைக்க போட்டா ஒரு குடும்பத்தின்ர முதல் போச்சு, அடுத்த வருசம் உங்கள கரைக்கு இறங்கவிடாயினம். அதால சங்கத்தில இருந்து ஒரு மூத்த ஐயாவ கூட்டிக்கொண்டு முதல்நாள் பின்னேரம் கரை முழுக்க நடவுங்கோ, அவர் இது கழிச்சது எண்டு சொல்லுற வலைக்கு மட்டும் சிவப்புத் துணி கட்டுங்கோ. துணி கட்டாத வலைய ஒருத்தரும் தொடக்கூடாது, ஒற்றை இழைத் தங்கூஸ் வலை எண்டாலும் சரி. கரையில படர்ந்து கிடக்கிற அடம்பன் கொடியையும் பிடுங்காதேங்கோ, மண்ண பிடிச்சு வச்சிருக்கிறது அதுதான்.

சண்டை நடந்த கரை எண்டத மறக்காதேங்கோ. மாரிக்கு மண் அரிச்சா கீழ கிடந்த வெடிபொருள் மேல வரும். துருப்பிடிச்ச இரும்பு, குழாய், வயர் எது கண்டாலும் தொடக்கூடாது, போட்டோ எடுக்கவும் கிட்டப் போகக்கூடாது, வந்த அடியாலயே பின்னுக்கு வந்து எல்லாரையும் நிப்பாட்டி பொலிஸ் 119க்கு எடுங்கோ. பிள்ளையளுக்கு இத தொடங்க முதல் ஒருக்கா, தண்ணி குடிக்கேக்க ஒருக்கா சொல்லுங்கோ.

இனி உங்கட இணைப்பாளர். உந்த லிஸ்ட் எப்பிடி இருக்கும் தெரியுமோ? பேர், ஐசி நம்பர், கையெழுத்து, கடைசியில "பெற்றுக்கொண்ட தொகை" எண்டு ஒரு கட்டம், அது வெறுமையாத்தான் கிடக்கும். பக்கத்துக்கு மேல தலைப்பும் இராது. நீங்கள் சைன் வச்சுக் குடுத்தாப் பிறகு உங்கட துப்பரவு ஆற்றையோ புரொஜெக்டின்ர பயிற்சிப் பட்டறையா மாறும், வந்தவைக்கெல்லாம் போக்குவரத்துக் காசு குடுத்ததா கணக்கு வரும், பனரோட எடுத்த போட்டோ அதுக்கு சாட்சி. ரீசேட் ஒவ்வொண்டும் ஒவ்வொரு பொலித்தீன் பையில வரும், அதையும் கரையிலதான் கழட்டிப் போடுவினம். உங்களுக்கும் லிஸ்ட் ஒண்டு தேவைதான், ஆனா அதில பேரும் வீட்டு போன் நம்பரும் காணும், போனவை எல்லாம் திரும்பி வந்திட்டினமோ எண்டு எண்ணிப் பார்க்கத்தான் அது. அண்டைக்கு பின்னேரமே கிழிச்சுப்போடுங்கோ.

பெர்மிட்டுக்கு காசாம்! கையால பொறுக்கிறதுக்கு காசு குடுத்து வாங்கிற பெர்மிட் ஒண்ட நான் இவ்வளவு காலத்தில கண்டதில்லை. கிராம அலுவலர், சபை, பொலிஸ், சங்கம், எல்லாருக்கும் ஒரே அறிவித்தல் கடிதம், ஒரு கொப்பி கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கு, அவ்வளவுதான். சுண்டிக்குளம், கொக்கிளாய், நந்திக்கடல் பக்கம் எண்டா மட்டும் முதல்ல வனசீவராசிகள் திணைக்களத்திட்ட கேளுங்கோ. கடிதத்த தமிழிலயே எழுதுங்கோ, சிங்களத்தில கொண்டா எண்டு திருப்பி அனுப்பினா வாங்க மறுத்தவரின்ர பேரையும் பதவியையும் அந்தக் கடிதத்திலயே எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கோ, அனேகமா அப்பவே சீல் விழும்.